சரணடைந்த சிப்பாய் தளபதியான கதை: குமரி மாவட்டத்தில் டிலனாய் விட்டுச் சென்ற கோட்டைகள்

பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றிப் பார்த்தவர்கள் அங்கே ஒரு காட்சிப் படத்தைக் கவனித்திருப்பார்கள். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா முன்பு ஒரு வெள்ளைக்காரர் சரணடைகிறார். பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். தோற்றவன் மண்டியிட்டான், கதை முடிந்தது என்றுதான் தோன்றும்.

உண்மையில் அந்த வெள்ளைக்காரரின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. சரணடைந்த அவர் ஊர் திரும்பவில்லை. தன்னைத் தோற்கடித்த மன்னருக்காகவே படை திரட்டினார், பீரங்கி வார்த்தார், கோட்டை கட்டினார். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து இதே மண்ணில் இறந்தார். அவர் புதைக்கப்பட்ட இடம் அரண்மனையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அவர் பெயர் யூஸ்டேஷியஸ் பெனடிக்டஸ் டிலனாய்.

யார் இந்த டிலனாய்?

1715-ல் பிறந்தவர். ஊர் அராஸ் என்று சொல்லப்படுகிறது. இன்றைக்கு அது பிரான்சின் வட பகுதியில் இருக்கிறது. கத்தோலிக்கர். பிழைப்புக்காக டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து ஆசியாவுக்குக் கப்பலேறினார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் பல பகுதி இளைஞர்களும் அந்தக் கம்பெனியில் சிப்பாயாகச் சேர்ந்து இலங்கைக்கும் ஜாவாவுக்கும் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி ஊர் திரும்பவே இல்லை.

இணையத்தில் பல இடங்களில் இவரை அட்மிரல் என்றும் டச்சுக் கடற்படைத் தளபதி என்றும் எழுதியிருப்பார்கள். டச்சுப் பதிவேடுகளைத் தோண்டிப் பார்த்த ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. சரணடைந்தபோது அவர் அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவர் அல்ல என்பதுதான் அவர்கள் முடிவு. அப்போது அவருக்கு வயது இருபத்தாறுதான். தளபதி என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது இங்கே, திருவிதாங்கூரில்.

டச்சுக்காரர்களுக்குக் குளச்சலில் என்ன வேலை?

ஒரே வார்த்தையில் சொன்னால், நல்லமிளகு.

1602-ல் தொடங்கப்பட்ட டச்சுக் கம்பெனி, 1650-களில் போர்த்துக்கீசியரிடமிருந்து இலங்கைக் கடற்கரையைப் பறித்தது. 1663-ல் கொச்சியையும் பிடித்தது. கேரளக் கரையில் அப்போது சின்னச் சின்ன ராஜ்ஜியங்கள் நிறைய. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டு மிளகைக் குறைந்த விலைக்கு வாங்குவதுதான் கம்பெனியின் வியாபாரம். அரசுகள் சின்னதாக இருக்கும்வரை கம்பெனிக்கு லாபம்.

1729-ல் வேணாட்டின் ஆட்சிக்கு வந்த மார்த்தாண்ட வர்மா இந்தக் கணக்கைக் கலைத்தார். முதலில் உள்ளூரில் மன்னரையே ஆட்டிவைத்த எட்டுவீட்டுப் பிள்ளைமாரை ஒடுக்கினார். பிறகு வடக்கே இருந்த ராஜ்ஜியங்களை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் சேர்க்க ஆரம்பித்தார். கொட்டாரக்கரையை ஆண்ட இளையிடத்து சொரூபத்தில் டச்சுக்காரர்கள் தலையிட்டு, தங்களுக்கு வேண்டிய அரசியைப் பதவியில் உட்கார வைத்தபோது, மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களை விரட்டியது. பேச்சுவார்த்தைக்கு இனி இடமில்லை என்று கம்பெனி முடிவு செய்தது. இலங்கையிலிருந்து கப்பல்கள் குளச்சலுக்குக் கிளம்பின.

ஏன் குளச்சல்? மன்னரின் தலைநகரம் அப்போது கல்குளத்தில் இருந்தது. அதுதான் இன்றைய பத்மநாபபுரம். குளச்சல் கரையிலிருந்து அங்கே போக ஒரு நாள் நடைகூட வேண்டாம். தலைநகரத்தின் வாசற்படியில் கால் வைப்பதுதான் திட்டம்.

1741-ல் என்ன நடந்தது?

டச்சுப் படை குளச்சலில் இறங்கி முகாம் அமைத்தது. கரையோர ஊர்கள் சிலவற்றையும் பிடித்தது. வடக்கே போரில் இருந்த மார்த்தாண்ட வர்மா தன் படையோடு தெற்கே விரைந்து வந்தார்.

டச்சுக்காரர்களின் பலம் கடல், பலவீனமும் அதுதான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தக் கரையில் கப்பலை நெருங்க விடுவது ஆபத்து. இலங்கையிலிருந்து உதவி வருவதும் கடினம். கரையில் இருந்த படை தனித்துவிடப்பட்டது. திருவிதாங்கூர்ப் படை சுற்றி வளைத்தது. கரையோர மீனவ மக்களும் மன்னருக்குத் துணையாக நின்றதாக இந்தப் பகுதியில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். முகாமுக்குள் வெடிமருந்தில் தீப்பிடித்து, சேமித்து வைத்த அரிசியும் போனதாகச் சொல்லப்படுகிறது. ஆகஸ்ட் மாதம் டச்சுக்காரர்கள் சரணடைந்தார்கள்.

ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஆசிய மன்னர் ஒருவர் தோற்கடித்தது இதுவே முதல்முறை என்று அடிக்கடி சொல்லப்படும். அது சரியல்ல. 1662-லேயே சீனத் தளபதி செங் செங்கொங் இதே டச்சுக் கம்பெனியைத் தைவானிலிருந்து வெளியேற்றியிருக்கிறார். அதனால் குளச்சலின் பெருமை குறைந்துவிடாது. இந்தியாவில் டச்சுக்காரர்கள் அரசியல் சக்தியாக வளரும் வாய்ப்பு இங்கே அடிவாங்கியது. அதன் பிறகு அவர்கள் எழவில்லை. 1753-ல் மாவேலிக்கரையில் போட்ட உடன்படிக்கையில், உள்ளூர் மன்னர்களின் சண்டைகளில் தலையிட மாட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அதோடு நிற்கவில்லை, மிளகுக்குப் பதிலாகத் திருவிதாங்கூருக்கு ஆயுதம் தரவும் சம்மதித்தார்கள்!

இந்த வெற்றியின் நினைவாகக் குளச்சல் கடற்கரை அருகே ஒரு கல் தூண் நிற்கிறது.

கைதியை மன்னர் என்ன செய்தார்?

சரணடைந்த ஐரோப்பியர்களில் டிலனாயும் ஒருவர். டொனாடி என்பவரும் கூட இருந்தார். இவர்கள் துப்பாக்கி, பீரங்கி விஷயங்களில் கைதேர்ந்தவர்கள் என்பதை மன்னர் கவனித்தார்.

மார்த்தாண்ட வர்மாவின் சிக்கலைப் புரிந்துகொண்டால்தான் அவர் எடுத்த முடிவு புரியும். அதுவரை போருக்கு ஆள் வேண்டுமென்றால் பெரிய குடும்பங்களின் தலைவர்களைத்தான் மன்னர் நம்பியிருக்க வேண்டும். அவர்கள் தங்கள் ஆட்களோடு வருவார்கள். மனசு மாறினால் வராமலும் இருப்பார்கள். அந்தத் தலைவர்களோடுதான் மன்னருக்குப் பகையே. தன்னிடம் மட்டும் சம்பளம் வாங்கும், தன் சொல்லை மட்டும் கேட்கும் நிரந்தரப் படை அவருக்குத் தேவைப்பட்டது. அதைப் பயிற்றுவிக்க உள்ளூர்ப் பகைமைகள் எதிலும் சேராத ஓர் ஆள் வேண்டும். குளச்சலில் அகப்பட்ட கைதி அதற்குப் பொருத்தமாக இருந்தார்.

முதலில் மன்னரின் மெய்க்காவல் படையில் சிலருக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. வரிசையாக நிற்பது, ஒரே நேரத்தில் சுடுவது, பீரங்கியைக் கையாள்வது. அதில் திருப்தி வந்ததும் பொறுப்புகள் கூடின. கப்பித்தான் ஆனார், பிறகு முழுப் படைக்கும் தலைமை. மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். வலிய என்றால் பெரிய.

அவர் ஏன் ஒப்புக்கொண்டார்? அவர் மனசில் என்ன இருந்தது என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. ஆனால் நிலைமையைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். கம்பெனியில் அவர் பலரில் ஒருவர். இங்கே அவருக்கு மட்டுமே தெரிந்த வேலை ஒன்று இருந்தது.

உதயகிரி: கோட்டையா, பட்டறையா?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் நெடுஞ்சாலையில், தக்கலைக்குச் சற்று முன்னால் புலியூர்க்குறிச்சி. சாலையோரமாகவே உதயகிரிக் கோட்டையின் கருங்கல் மதில் தெரியும். தினமும் ஆயிரக்கணக்கானோர் பஸ்ஸில் கடந்து போகும் இடம் இது.

இங்கே முன்பே ஒரு மண்கோட்டை இருந்தது. 1741-க்குப் பிறகு மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் டிலனாயின் மேற்பார்வையில் அது கருங்கல்லில் மாற்றிக் கட்டப்பட்டது. சுமார் 90 ஏக்கர் பரப்பு. நடுவில் ஒரு குன்று. மதில் அந்தக் குன்றைச் சுற்றி வளைத்துப் போகிறது. இடத்தேர்விலேயே கணக்கு இருக்கிறது: தலைநகருக்குப் பக்கம், ஆனால் தலைநகருக்குள் இல்லை. தெற்கிலிருந்து வரும் எந்தப் படையும் இதைத் தாண்டித்தான் பத்மநாபபுரம் போக முடியும்.

கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலைக்கூடம் அமைத்தார்கள். வெளிநாட்டுக்காரனிடம் பீரங்கி வாங்கும்வரை அவன் தயவில்தான் இருக்க வேண்டும் என்பது மன்னருக்குத் தெரியும். உலை இங்கேயே எரிய ஆரம்பித்ததும் அந்தக் கவலை குறைந்தது. இந்த இடத்தை டிலனாய் கோட்டை என்றும் அழைத்தார்கள்.

இதே ஆண்டுகளில்தான் தலைநகரமும் மாறியது. கல்குளம் அரண்மனை 1601-ல் தொடங்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. மார்த்தாண்ட வர்மா அதை விரிவாக்கி, தன் குலதெய்வத்தின் பெயரால் பத்மநாபபுரம் என்று பெயர் மாற்றினார். 1750 ஜனவரியில் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்து, தான் அவருடைய தாசன் மட்டுமே என்று அறிவித்தார். அரண்மனையின் நான்கு அடுக்கு உப்பரிகை மாளிகையின் உச்சி அறை தெய்வத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது; அதன் சுவர் முழுக்க ஓவியங்கள். நாடே தெய்வத்தின் சொத்து என்றால், அதன் மன்னரை எதிர்ப்பது தெய்வத்தையே எதிர்ப்பதாகிவிடும். அரசியலாகப் பார்த்தால் இதுவும் ஒரு கோட்டைதான்.

நண்பரின் மரணம்

டிலனாயின் வாழ்க்கையில் எளிதாகக் கடந்துபோக முடியாத பகுதி இது.

நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை அரண்மனை அதிகாரியாக இருந்தவர். கோட்டை வேலைகளின்போது டிலனாயோடு பழக்கமானார். சொந்தத் துயரங்களில் இருந்த அவருக்கு டிலனாய் கிறிஸ்தவ நம்பிக்கையை அறிமுகம் செய்தார் என்பது திருச்சபை மரபு. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1749-ல் கைது செய்யப்பட்டார். ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

எதற்காக இந்தத் தண்டனை என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவர் என்கிறது திருச்சபை. அரசியல் காரணங்களைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2022 மே மாதம் வாடிகனில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். துறவியோ பாதிரியாரோ அல்லாத இந்தியர் ஒருவருக்கு இந்த நிலை கிடைத்தது அதுவே முதல்முறை. அவரது கல்லறை நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது.

நண்பர் கொல்லப்பட்ட பிறகும் டிலனாய் அதே மன்னரின் படைக்குத் தலைமை தாங்கினார். அவரும் கிறிஸ்தவர்தான், உதயகிரிக் கோட்டைக்குள் அவர் வழிபட ஒரு தேவாலயமும் இருந்தது. ஒரே அரசு ஒருவருக்குக் கோயில் கட்ட இடம் கொடுத்தது, இன்னொருவரைச் சுட்டது. காரணம் என்னவாக இருந்தாலும், வெளியிலிருந்து வந்த திறமைசாலிக்குக் கிடைத்த சலுகை உள்ளூர் அதிகாரிக்குக் கிடைக்கவில்லை என்பது மட்டும் கண்முன் தெரிகிறது.

வெற்றிகளும் அவற்றின் விலையும்

டிலனாய் பயிற்றுவித்த படை சும்மா இருக்கவில்லை. காயங்குளம், அம்பலப்புழை என்று 1740-களிலேயே வடக்கே இருந்த அரசுகள் வரிசையாகத் திருவிதாங்கூரோடு இணைக்கப்பட்டன. 1754-ல் புறக்காட்டில் எதிரணியின் கூட்டுப் படை தோற்றது. பழைய அரச குடும்பங்கள் ஆட்சியை இழந்தன. மிளகு வியாபாரம் மன்னரின் கைக்கு வந்தது. நாஞ்சில் நாட்டு நெல்லும் வடக்கு மிளகும் சேர்ந்துதான் இந்தப் போர்களுக்கெல்லாம் படியளந்தன என்று சொல்லலாம்.

1758-ல் மார்த்தாண்ட வர்மா இறந்தார். அடுத்து வந்த கார்த்திகைத் திருநாள் ராம வர்மா, அதாவது தர்ம ராஜா, டிலனாயை அப்படியே வைத்துக்கொண்டார். கோழிக்கோட்டு சாமூதிரியின் படை கொச்சி ராஜ்ஜியத்துக்குள் புகுந்திருந்தபோது, 1762 வாக்கில் அவர்களை வெளியேற்ற டிலனாயின் தலைமையில் திருவிதாங்கூர்ப் படை போனது.

போர் அவர் வீட்டையும் விடவில்லை. மனைவி மார்கரெட். மகன் ஜோஹன்னஸ் அப்பாவின் வழியில் படையில் சேர்ந்தார். 1765-ல் களக்காட்டில் நடந்த சண்டையில் அவர் இறந்தபோது வயது 19.

அதன் பிறகும் டிலனாய் பன்னிரண்டு ஆண்டுகள் பணியில் இருந்தார். 1777 ஜூன் 1-ம் தேதி இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் இருந்த தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். மனைவி, மகன் கல்லறைகளும் அங்கேதான். கல்லறை எழுத்து இரண்டு மொழியில் இருக்கிறது: ஒன்று லத்தீன், இன்னொன்று தமிழ். ஏறக்குறைய 37 ஆண்டுகள் மன்னருக்கு விசுவாசமாக உழைத்தவர், காயங்குளம் முதல் கொச்சி வரை உள்ள நாடுகளை அடக்கியவர் என்பது லத்தீன் எழுத்தின் சாரம். குளச்சலில் அவர் யார் பக்கம் நின்று சண்டை போட்டார் என்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

இறந்த பிறகு வந்த சோதனை

தர்ம ராஜாவின் காலத்தில் டிலனாய் செய்த பெரிய வேலை நெடுங்கோட்டை. கொடுங்கல்லூர்ப் பக்கம் கடற்கரையில் தொடங்கி மேற்குத் தொடர்ச்சி மலை வரை நீண்ட தடுப்புச் சுவர் அது. நீளம் 40 கிலோமீட்டருக்கும் மேல். மைசூர்ப் படை என்றாவது வரும் என்ற பயம்தான் காரணம்.

1789 டிசம்பர் கடைசியில் திப்பு சுல்தான் வந்தார். முதல் தாக்குதல் இந்தச் சுவரில் முறியடிக்கப்பட்டது. டிலனாய் இறந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள். அடுத்த ஆண்டு திப்பு சுவரை உடைத்து உள்ளே வந்தார் என்பதும் உண்மை. ஆனால் அதற்குள் ஆங்கிலேயர்களோடு மூன்றாம் மைசூர்ப் போர் தொடங்கிவிட்டதால் அவர் திரும்ப வேண்டியதாயிற்று. சுவர் வாங்கிக் கொடுத்த சில மாத அவகாசம் திருவிதாங்கூரைக் காப்பாற்றியது. ஆங்கிலேயரைச் சார்ந்து நிற்கும் நிலையும் இதன் தொடர்ச்சியாகவே வந்தது. டச்சுக் கம்பெனியை விரட்டிய நாடு, கடைசியில் இன்னொரு கம்பெனியின் நிழலில் ஒதுங்கியது.

1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. உதயகிரியில் பிற்பாடு ஆங்கிலேயப் படை தங்கியது.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

கன்னியாகுமரியிலிருந்து கிளம்பினால் இந்தக் கதையை ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம்.

முதலில் வட்டக்கோட்டை. கன்னியாகுமரிக்கு வடகிழக்கே ஏழு கிலோமீட்டர் அளவில், கடலுக்குள் கால் நீட்டிய மாதிரி நிற்கும் கருங்கல் கோட்டை. பழைய கோட்டையை டிலனாயின் மேற்பார்வையில் புதுப்பித்துக் கட்டினார்கள். பீரங்கி ஏற்ற அமைத்த சரிவுப் பாதையில் ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. எதிரி கடலிலிருந்து வருவான் என்ற குளச்சல் பாடம் இந்த மதிலில் தெரியும்.

அடுத்து நாகர்கோவில் வழியாகப் புலியூர்க்குறிச்சி. உதயகிரிக் கோட்டை இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மான்களையும் மயில்களையும் பார்க்க வருபவர்கள் அதிகம். இன்னும் கொஞ்சம் உள்ளே நடந்தால் கூரையில்லாத தேவாலயமும் டிலனாயின் கல்லறையும்.

பிறகு தக்கலை வழியாகப் பத்மநாபபுரம். மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு இணைந்தாலும், அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். திங்கட்கிழமை விடுமுறை. கண்ணாடி போல மின்னும் கறுப்புத் தரை, மந்திரசாலை, ஆயிரம் பேருக்குப் பந்தி போட்ட ஊட்டுப்புரை எல்லாவற்றையும் பாருங்கள். நவராத்திரி சமயத்தில் போனால், இங்கிருந்து சரஸ்வதி விக்கிரகம் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகக் கிளம்புவதையும் பார்க்கலாம். தலைநகரம் போய் இருநூறு ஆண்டுகள் ஆன பிறகும் தொடரும் உறவு அது.

கடைசியாகக் குளச்சல். மாலை வெயிலில் வெற்றித் தூணைப் பார்த்துவிட்டுக் கரையில் நிற்கலாம். டிலனாயின் திருவிதாங்கூர் வாழ்க்கை தொடங்கியது இங்கேதான். அவர் வந்த கப்பல்களில் ஒன்றுகூட இப்போது இல்லை. அவர் கட்டிய மதில்கள் நிற்கின்றன.